சீனப் பேரரசர் கடிகாரத்தை வைத்துக்கொண்டார், கடிகாரக்காரனை ஏன் திருப்பி அனுப்பினார்?

#1 வடக்குரதவீதி

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்குப் பள்ளியில் வெள்ளிக்கிழமை பட்டிமன்றம். ‘சீனப் பேரரசு சரிந்ததற்குக் காரணம் பேரரசர்களின் ஆணவமா, வெள்ளையரின் பேராசையா’ என்பது தலைப்பு. இவளுக்கு ஆணவக் கட்சி விழுந்திருக்கிறது. கையில் ஒரே ஓர் ஆயுதம்: 1793-இல் சியான்லோங் பேரரசர் இங்கிலாந்து ராஜா மூன்றாம் ஜார்ஜுக்கு அனுப்பிய கடிதம். ‘எங்களிடம் இல்லாத பொருள் இல்லை, விசித்திரச் சாமான்களை நான் மதிப்பதில்லை, உங்கள் சரக்கு எங்களுக்குத் தேவையும் இல்லை’ என்ற தோரணையில் போகுமே, அது. இதை வாசித்தாலே கைதட்டல் வந்துவிடும் என்கிறாள்.

எனக்கு ஒன்று உறுத்துகிறது. அதே பேரரசரின் அரண்மனை நிறைய ஐரோப்பியக் கடிகாரங்கள் இருந்ததாக எங்கோ படித்த நினைவு. வேண்டாம் என்றவர் எதற்கு வாங்கி அடுக்கினார்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கேள்விக்குறி

இதில் என்ன சார் சந்தேகம்? கிணற்றுத் தவளை, அவ்வளவுதான். ஒருத்தன் கப்பல் நிறைய அறிவியலை ஏற்றிவந்து வாசலில் இறக்குகிறான். இவர்கள் ‘நெற்றி தரையில் பட்டதா இல்லையா’ என்று பஞ்சாயத்து வைக்கிறார்கள். பாப்பாவுக்கு வெற்றி உறுதி.

#3 கடற்பாசி

கேள்விக்குறி, நானும் பத்து வருஷம் முன்னால் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். கடிதத்தைத் தனியாகப் படித்தால் அப்படித்தான் தோன்றும். அது எதற்குப் பதிலாக எழுதப்பட்டது என்று பாருங்கள்.

இங்கிலாந்து ராஜாவின் தூதராகச் சீனாவுக்குப் போனவர் நம் ஊருக்குப் பழக்கமானவர். மெக்கார்ட்னி பிரபு, 1781 முதல் 1785 வரை சென்னைக் கோட்டையின் கவர்னர். அங்கே அவருக்குச் செயலாளராக இருந்த ஜார்ஜ் ஸ்டான்டன்தான் சீனப் பயணத்திலும் அடுத்த இடம். 1792 செப்டம்பரில் போர்ட்ஸ்மத்தில் கிளம்பினார்கள். சியான்லோங்கின் பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்ல வருகிறோம் என்பது வெளியே சொன்ன காரணம். அவருக்கு அப்போது 82 வயது. கொண்டுபோன பரிசுகள் கோள்களின் ஓட்டத்தைக் காட்டும் பெரிய இயந்திரம், ஹெர்ஷல் தொலைநோக்கி, பெரிய குவிலென்சு, வெட்ஜ்வுட் பீங்கான், 110 பீரங்கி கொண்ட ஒரு போர்க்கப்பலின் சின்ன மாதிரி, இரண்டு குதிரை வண்டி. சீன ஆற்றில் இவர்களை ஏற்றிப்போன படகுகளில் ‘கப்பம் கொண்டுவரும் ஆங்கிலத் தூதர்’ என்று எழுதிய கொடிகள் பறந்தன. மெக்கார்ட்னிக்கு அது தெரிந்துதான் இருந்தது. பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

செப்டம்பர் 14 அன்று, வட சீனாவின் ரெஹ கோடை அரண்மனைத் தோட்டத்தில் பெரிய கூடாரத்தில் சந்திப்பு. மூன்று முறை மண்டியிட்டு ஒன்பது முறை நெற்றியைத் தரையில் வைக்க வேண்டும் என்பது அங்கே முறை. அதைப் பற்றி வாரக்கணக்கில் பேச்சு நடந்து, கடைசியில் தம் ராஜாவுக்குச் செய்வதுபோல் ஒரு காலை மட்டும் மடக்கினார் மெக்கார்ட்னி. பேரரசர் அதற்காக யாரையும் விரட்டிவிடவில்லை. விருந்து வைத்தார். ஸ்டான்டனின் 12 வயது மகன் கப்பலிலேயே சீன மொழி கற்றிருந்தான். அவன் இரண்டு வார்த்தை பேசியதும் தம் இடுப்பில் தொங்கிய சுருக்குப் பையை அவிழ்த்து அவனிடமே கொடுத்துவிட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் புகழ்பெற்ற கடிதத்தின் வரைவு ஆகஸ்ட் தொடக்கத்திலேயே தயார். தூதர் ரெஹவுக்கே வந்து சேரவில்லை, பரிசுகளைப் பேரரசர் கண்ணால் பார்க்கவில்லை. அதற்குள் பதில் எழுதியாகிவிட்டது. தொலைநோக்கியைப் பார்த்து அலட்சியமாக எழுதிய பதில் அது என்று சொல்லவே முடியாது.

இங்கிலாந்து கேட்டதையும் பாருங்கள்: நிங்போ, சூஷான், தியான்சின் துறைமுகங்களைத் திறந்துவிடு. பீஜிங்கில் நிரந்தரமாக ஒரு தூதர், ஒரு கிடங்கு. சூஷான் பக்கம் எங்களுக்கென்று ஒரு சின்னத் தீவு, கான்டன் (இன்றைய குவாங்சௌ) அருகே ஓர் இடம். வரியைக் குறை. பிறந்தநாள் வாழ்த்துக்கு வந்தவர் தீவு கேட்டால் எந்த ராஜா கொடுப்பார்? இரண்டாம் கடிதத்தில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மறுப்புச் சொன்னார் சியான்லோங். கடலோர அதிகாரிகளுக்குக் காவலைப் பலப்படுத்தச் சொல்லியும் உத்தரவு போனது. வெளியே ‘உன் சாமான் எனக்கு எதற்கு’ என்ற மிடுக்கு, உள்ளே ‘இவன்மீது ஒரு கண் இருக்கட்டும்’ என்ற எச்சரிக்கை. தீவு கேட்ட ஆசை 49 வருஷம் கழித்து ஹாங்காங்காக நிறைவேறியது வேறு கதை.

#4 மணிக்கூடு

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு மணிக்கூடு திருத்துகிற கடை இருந்தது, நானும் அந்த மேசையில்தான் வளர்ந்தேன். கடற்பாசி அண்ணை சொன்னதற்கு மேல் எனக்குத் தெரிந்த பக்கத்தையும் சொல்கிறேன்.

‘விசித்திரச் சாமான்களை மதிப்பதில்லை’ என்று எழுதிய சியான்லோங்கின் அரண்மனைக்குள்ளேயே மணிக்கூடு செய்வதற்குத் தனிப் பட்டறை இருந்தது. ஐரோப்பியப் பாதிரிகள் அதில் வேலை செய்தார்கள். கான்டன் அதிகாரிகள் வருஷா வருஷம் மணிக்கூடுகளை வாங்கி அனுப்ப வேண்டும். 1749-இல் பேரரசர் அவர்களை ஒருமுறை கடிந்துகொண்டார்: நீங்கள் அனுப்புவது உள்ளூர்ச் சரக்கு, இனி அனுப்புவதானால் அசல் வெளிநாட்டு வேலையாக இருக்கட்டும் என்று. கடைக்கு வருகிற பெரிய மனிதர்கள் ‘சுவிஸ்தானே தம்பி?’ என்று மூடியைத் திறந்து பார்ப்பார்களே, அதே ஆள்.

அப்படிப்பட்ட மணிக்கூடுகள் வெறுமனே நேரம் காட்டாது. மணி அடிக்கும்போது பறவை இறக்கையை விரிக்கும், கண்ணாடிக் கம்பி சுழன்று அருவி விழுகிற மாதிரி தெரியும், பொம்மை மனிதன் தூரிகை பிடித்து எழுதுவான். பொம்மை எழுதுகிற மணிக்கூட்டைத் திறந்தால் உள்ளே பித்தளைத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு தட்டின் விளிம்பும் மேடு பள்ளமாக அராவியிருக்கும். அந்த மேடு பள்ளத்தில் ஏறி இறங்குகிற நெம்புகோல்தான் பொம்மையின் கையை நகர்த்துகிறது. ஒரு கீறல் கூடக் குறைய அராவ முடியாது, எழுத்துக் கோணலாகிவிடும். இதைப் பாட்டு மணிக்கூடு என்று மட்டும் பார்த்தவனும் உண்டு, உள்ளே இருக்கிற கணக்கைப் பார்த்தவனும் உண்டு. அரண்மனையில் முதல் வகை ஆட்கள் அதிகம் என்பது என் கருத்து.

மெக்கார்ட்னியை ரெஹ தோட்டத்து மண்டபங்களுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். மண்டபத்துக்கு மண்டபம் மணிக்கூடு, கோள இயந்திரம், பாட்டுப் பெட்டி. நாம் கொண்டுவந்தது இதற்கு முன்னால் எடுபடாதே என்று அவருக்கே கூச்சமாகிவிட்டது.

#5 கேள்விக்குறி

அப்போ பேரரசர் பொய் சொல்லியிருக்கிறார். ஆணவம் என்றால் ஆணவம் + பொய். பாப்பாவுக்கு இன்னும் ஒரு பாயிண்ட்.

#6 வடக்குரதவீதி

பாயிண்ட் எல்லாம் இருக்கட்டும். மணிக்கூடு சொன்ன கடைசி விஷயம்தான் என்னை யோசிக்க வைக்கிறது. இருநூறு வருஷம் பாதிரிகள் அரண்மனைக்குள் கணிதமும் வானியலும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் இல்லையா? அதெல்லாம் எங்கே போனது?

#7 கடற்பாசி

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். இதற்குச் சியான்லோங்கின் தாத்தா காங்சியிடம் போக வேண்டும்.

காங்சி அரியணை ஏறும்போது சின்னப் பையன். அந்தக் காலத்தில் பஞ்சாங்கம் அரசாங்க ரகசியம் மாதிரி. கிரகணத்தைத் தவறாகச் சொன்னால் வானமே இந்த ராஜாவைக் கைவிட்டுவிட்டது என்று பேச்சு கிளம்பும். பஞ்சாங்க அலுவலகம் ஆடம் ஷால் என்ற ஜெர்மன் பாதிரியின் கையில் இருந்தது. 1664-இல் யாங் குவாங்சியன் என்பவர் அவர்மீது வழக்குப் போட்டார். ‘சீனாவில் நல்ல பஞ்சாங்கம் இல்லாமல் போனாலும் பரவாயில்லை, மேல்நாட்டான் இருக்கக் கூடாது’ என்பது யாங்கின் கொள்கை. ஷாலுக்கு மரண தண்டனை விதித்தார்கள். 1665-இல் தலைநகரில் நிலநடுக்கம். வானம் கோபிக்கிறது என்று பயந்து ஷாலை விட்டுவிட்டார்கள். அவரோடு வேலை பார்த்த ஐந்து சீன வானியலாளர்களின் தலை மட்டும் போனது. அந்நியனோடு சேர்ந்தால் அடி விழுவது உள்ளூர்க்காரன் மேல். இது திரும்பத் திரும்ப நடக்கும், நினைவில் வையுங்கள்.

1668 டிசம்பரில் காங்சிக்கு வயது 14. இரு தரப்பையும் கூப்பிட்டு, நட்டுவைத்த கம்பத்தின் நிழல் நண்பகலில் எவ்வளவு நீளம் விழும் என்று முன்கூட்டியே குறிக்கச் சொன்னார்கள். ஃபெர்பீஸ்ட் பாதிரி குறித்த கோட்டில் நிழல் வந்து நின்றது. எதிர்த்தரப்புக்கு வரவில்லை. கூடியிருந்த மந்திரிகளில் ஒருவருக்கும் கணக்குப் புரியவில்லை. ‘எனக்கே தெரியாதபோது யார் சரி, யார் தவறு என்று எப்படித் தீர்ப்புச் சொல்வேன்’ என்று ரோஷம் வந்து படிக்கத் தொடங்கினேன் என்று காங்சியே பிற்பாடு சொன்னார். யூக்ளிடின் வடிவியல், அளவைக் கருவிகள், இசை என்று எதையும் விடவில்லை.

1693-இல் அவருக்கு மலேரியா. அரண்மனை மருந்து கேட்கவில்லை. பாதிரிகள் சின்கோனாப் பட்டை கொண்டுவந்தார்கள். அந்தப் பட்டையை அவர்களுக்கு அனுப்பிவைத்தவர் புதுச்சேரியில் இருந்த இன்னொரு பாதிரி! பேரரசருக்கு நேரே கொடுத்துவிடுவார்களா? முதலில் வேறு காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், அப்புறம் உடம்பு நன்றாயிருக்கும் பெரிய அதிகாரிகள் நான்கு பேர் குடித்துக் காட்டினார்கள், பிறகுதான் அவர். காய்ச்சல் இறங்கியது. பாதிரிகளுக்கு அரண்மனை வளாகத்திலேயே வீடு கிடைத்தது.

இவ்வளவு ஆர்வமுள்ளவர் அந்த அறிவை என்ன செய்தார்? அதில்தான் எனக்குச் சண்டை. ஐரோப்பிய உடற்கூறியலைத் தம் அரச குலத்தின் தாய்மொழியான மஞ்சு மொழியில் எழுத வைத்தார். படங்களோடு அருமையான வேலை. முடிந்ததும் இது எல்லோரும் படிக்கத் தக்கதல்ல என்று சில படிகள் மட்டும் எடுத்து அரண்மனைகளுக்குள் வைத்துவிட்டார். 1708 முதல் 1718 வரை பாதிரிகளை விட்டுப் பேரரசு முழுவதையும் அளந்து வரைபடம் போட்டார். உலகத்தில் அந்த அளவுக்கு அப்படியொரு நில அளவை அதற்கு முன் நடந்ததா என்பதே சந்தேகம். அதுவும் உள்ளேதான். 1735-இல் அதையொட்டிய படங்கள் பாரிஸில் அச்சாகின. சீனாவின் சரியான வரைபடம் பாரிஸ் கடையில் கிடைத்தது, சீனத்துப் பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கிடைக்கவில்லை. பேரனும் அதே வழி. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற விளக்கத்தோடு பெனுவா பாதிரி 1760 வாக்கில் ஓர் உலகப்படம் கொடுத்தார். அதன் விளக்கம் வெளியே அச்சாக 1799 ஆகிவிட்டது.

ஆகவே ‘மேல்நாட்டு அறிவு வேண்டாம்’ என்று யாரும் சொல்லவில்லை. ‘எனக்கு வேண்டும், என் மூலமாக மட்டும் வேண்டும்’ என்றார்கள். பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடமாடும் வீட்டுப் பெரியவர் மாதிரி.

#8 சுங்கச்சீட்டு

பீரோ சாவி உவமை பிரமாதம். நான் கிளியரிங் ஏஜென்ட், 22 வருஷமாகத் துறைமுக வேலை. கான்டனில் வியாபாரம் நடந்த முறையைப் படித்தபோது நம்ம தொழிலை யாரோ பட்டுத் துணியில் வரைந்து வைத்திருக்கிற மாதிரி இருந்தது.

முதலில் ஒரு திருத்தம். சீனா எப்போதும் மூடியே கிடந்தது என்பது தப்பு. காங்சி 1684-இல் கடல் வணிகத்தைத் திறந்து நான்கு மாகாணங்களில் சுங்கம் வைத்தார். சியான்லோங்தான் 1757-இல் மேல்நாட்டுக் கப்பலுக்குக் கான்டன் ஒன்றே என்றார்.

இனி ஒரு கப்பல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்று முகத்தில் இருக்கும் மக்காவ் ஊரில் பைலட், அதாவது கப்பலுக்கு வழிகாட்டும் மாலுமி, எடுக்க வேண்டும். வாம்போவா நங்கூரத் துறையில் நிற்க வேண்டும். சுங்கத் தலைவர், வெள்ளைக்காரர் வாயில் ‘ஹொப்போ’, பரிவாரத்தோடு படகில் வந்து கப்பலை அளப்பார். முன் பாய்மரத்திலிருந்து பின் பாய்மரம் வரை நீளம், நடுவே அகலம், இரண்டையும் பெருக்கி வரி. அதற்கு மேல் ‘பேரரசருக்குப் பரிசு’ என்று 1,950 தேல் (சீன எடை அளவு) வெள்ளி. பரிசாம்! ரேட் போட்ட பரிசை நான் வேறெங்கும் பார்த்ததில்லை, ஒரு துறைமுகத்தில் தீபாவளி சமயம் தவிர.

கப்பலுக்கு ஜாமீன் நிற்க ஒரு ‘ஹாங்’ வியாபாரி வேண்டும். மாலுமி குடித்துவிட்டுத் தகராறு செய்தாலும் பதில் சொல்ல வேண்டியது அவர்தான். அரிசி, காய்கறி வாங்கித்தர ஒரு கம்பிரதோர், பேசுவதற்கு ஒரு துபாஷி. வெள்ளைக்காரன் பண்டகசாலைத் தெருவைத் தாண்டிப் போகக் கூடாது. பெண்களை அழைத்துவரக் கூடாது. பருவம் முடிந்தால் மக்காவுக்குத் திரும்ப வேண்டும். மொழி கற்கக் கூடாது. ஜேம்ஸ் ஃப்ளின்ட் என்ற ஆங்கிலேயர் சீன மொழி கற்று, 1759-இல் நேரே வடக்கே தியான்சினுக்குப் போய் ஊழல் புகார் கொடுத்தார். புகாரை விசாரித்து அந்த ஹொப்போவைப் பதவி நீக்கினார்கள், அது வரைக்கும் நியாயம். அப்புறம் ஃப்ளின்ட்டுக்கு மூன்று வருஷம் சிறை. மனுவை எழுத உதவிய சீனருக்கு மரண தண்டனை. கடற்பாசி சொன்ன அதே கணக்கு.

முக்கியமான விஷயம்: இந்த ஹொப்போ அரண்மனை நிர்வாகத் துறையிலிருந்து வருகிறவர். சுங்கத்தின் ஒரு பங்கு நேராகப் பேரரசரின் சொந்தக் கஜானாவுக்குப் போகும். இங்கிலாந்து 1784-இல் தேயிலை வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5-க்கு இறக்கியதும் கான்டன் ஏற்றுமதி எகிறியது. வெள்ளி கொட்டுகிற ஒற்றைக் குழாய். இன்னும் மூன்று துறைமுகம் திறந்தால் என்ன ஆகும்? குழாய் நான்காகும், எதில் எவ்வளவு ஒழுகுகிறது என்று பார்க்க முடியாது. வணிகம் வேண்டாம் என்று நினைத்தவர் இப்படிக் குழாய் போட மாட்டார்.

ஒரு சென்னைச் செய்தியும் உண்டு. ஹாங் வியாபாரிகளுக்குக் கைமாற்றுக் கொடுத்தவர்களில் சென்னையில் இருந்த ஆங்கிலேயர் பலர். கொள்ளை வட்டி. கடன் திரும்பாமல் போக, 1779-இல் அவர்களுக்காக ஒரு போர்க்கப்பலே கான்டனுக்குப் போய் நின்றது. கடைசியில் இரண்டு ஹாங் வியாபாரிகளை மேற்கு எல்லையில் இலிக்கு நாடு கடத்தினார்கள். மற்ற வியாபாரிகள் பத்து வருஷத் தவணையில், வட்டியில்லாமல், அவர்கள் கடனை அடைத்தார்கள்.

#9 கேள்விக்குறி

சரி, ‘கிணற்றுத் தவளை’யைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் எனக்கு இன்னும் ஒரு கேள்வி. 1793-லேயே நிங்போவையும் தியான்சினையும் திறந்துவிட்டிருந்தால், பின்னால் இங்கிலாந்து சீனாவோடு நடத்திய அபினிப் போர் வந்திருக்காதே? ஒழுங்கான வியாபாரம் கிடைத்தவன் எதற்குக் கள்ளச்சரக்கு விற்கிறான்?

#10 சுங்கச்சீட்டு

தம்பி, அபினி துறைமுகம் வழியாகவே வரவில்லை. அபினிக்கு 1729-லேயே தடை. கிழக்கிந்தியக் கம்பெனி கல்கத்தாவில் ஏலம் விடும், தனியார் கப்பல் ஏற்றும், ஆற்று முகத்தில் லின்டின் தீவுப் பக்கம் நிற்கும் கப்பல்களிலிருந்து வேகப் படகுகள் இறக்கிக்கொண்டு போகும். கான்டனில் வைத்திருக்கும் கணக்குப் புத்தகம் சுத்தமாக இருக்கும். நாலு துறைமுகம் இருந்திருந்தால் நாலு லின்டின்.

தேயிலைக்குக் கொடுக்க இங்கிலாந்திடம் வெள்ளியைத் தவிர வேறு சரக்கு இல்லை, கம்பளித் துணியைக் கான்டன் வெயிலில் எவன் வாங்குவான்? அந்த ஓட்டையை அடைத்ததுதான் அபினி. 1800 வாக்கில் வருஷத்துக்குச் சுமார் 4,000 பெட்டி, 1838-இல் சுமார் 40,000.

#11 கடற்பாசி

சுங்கச்சீட்டோடு முக்கால்வாசி ஒத்துப்போகிறேன். கால்வாசி கேள்விக்குறி பக்கம் நிற்கிறேன். துறைமுகம் திறப்பது ஒரு பக்கம், அறிவைத் திறப்பது வேறு. 1839-இல், அபினியை ஒழிக்கப் பேரரசர் கான்டனுக்கு அனுப்பிய அதிகாரி லின் சேசூ 20,000 பெட்டிக்கு மேல் அபினியைப் பறிமுதல் செய்து, ஹூமன் கரையில் குழி வெட்டி, உப்பும் சுண்ணாம்பும் கலந்து கரைத்துக் கடலில் விட்டார். நேர்மையான மனிதர். கான்டனுக்கு வந்த பிறகுதான் ஆள் வைத்து ஆங்கிலப் பத்திரிகைகளை மொழிபெயர்க்க வைத்தார். பாதிரிகள் உலகப்படத்தைப் பீஜிங்கில் விரித்து 230 வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, பேரரசின் மிகப் புத்திசாலி அதிகாரி ‘இந்த இங்கிலாந்து எங்கே இருக்கிறது’ என்று முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. வேண்டிய தாள்கள் அரண்மனைக்குள் இருந்தன. அவர் கைக்கு வரவில்லை. இதை நான் யாருடைய ஆணவக் கணக்கில் எழுதுவேன் என்றால், சியான்லோங்கைவிடக் காங்சியின் கணக்கில்தான். ‘மேல்நாட்டுக் கணிதமே ஆதியில் நம்மிடமிருந்து போனதுதான்’ என்று பேசிப் பரப்பியவரும் அவரே.

லின் திரட்டிய குறிப்புகளை வைத்து அவர் நண்பர் வெய் யுவான் கடல்கடந்த நாடுகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். அதைப் பரபரப்பாகப் படித்தவர்கள் ஜப்பானியர்.

#12 வடக்குரதவீதி

எல்லோருக்கும் நன்றி. மகளிடம் முழு இழையையும் படித்துக் காட்டினேன். ‘நான் கட்சி மாறட்டுமா?’ என்றாள். டீச்சர் விட மாட்டாராம். காங்சியை வைத்தே ஆணவத்தை நிரூபிக்கப் போகிறாளாம், எதிரணி சியான்லோங் கடிதத்துக்குத்தான் தயாராகி வருவார்களாம். அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம் பாக்கி: பரிசாகப் போன அந்தக் குதிரை வண்டிகளில் பேரரசர் ஏறிப் போனாரா?

#13 மணிக்கூடு

இல்லை. பெட்டியைப் பிரித்து வண்டியைப் பூட்டியபோது அரண்மனை ஆட்களுக்கு ஒரே குழப்பம். முன்னால் உயரத்தில், அழகான துணி போர்த்திய இருக்கை இருந்ததே, பேரரசர் அமர்வது அதில்தான் என்று நினைத்தார்கள். இல்லை, அது வண்டியோட்டிக்கு என்று சொன்னதும் திகைத்துப்போனார்கள். ஒருத்தன் பேரரசரைவிட உயரத்தில் உட்கார்ந்து, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போவதா?

1860-இல் ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் யுவான்மிங்யுவான் அரண்மனையைச் சூறையாடியபோது அந்த வண்டிகள் ஓடாமல் அப்படியே நின்றன. மெக்கார்ட்னி கொடுத்த பீரங்கிகளும் சுடாமல் பக்கத்தில் கிடந்தன. பீரங்கிகளை இங்கிலாந்துக்கே திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள்.